வெள்ளை இல்லாத கடை

துணிக்கடையில் நின்றால் கால் வலிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். முகம் வலிக்கும் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை சிரித்துப் பாருங்கள், தெரியும். செருப்புக் கடையோ, பாமசியோ, போன் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று நாளைக் கழிக்கிற எல்லாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். மற்றவர்கள் அடுத்த முறை கடைக்குப் போகும்போதாவது எங்களைக் கொஞ்சம் மனுசராகப் பாருங்கள்.

என் பெயர் நிரோஷா. வீடு கொழும்பில் முகத்துவாரம். ஏ.எல். பரீட்சை ஒரு தரம் எழுதி இரண்டு பாடம் பெயில். திரும்ப எழுதச் சொல்லி வீட்டில் கத்தினார்கள், நான் திரும்பக் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் நான் எதைக் கேட்டாலும் "அது சிலபஸில் இல்லை" என்றுதான் பதில் வரும். கடையில் சிலபஸ் கிடையாது. அதனால்தான் வந்தேன்.

கண்ணை மூடு

வேலைக்கு எடுக்க என்னைப் பார்த்தது கொட்டாஞ்சேனைத் துணிக்கடையில். மூன்று முதலாளிகள், மூன்று பேரும் கூடப்பிறந்தவர்கள். மூத்தவர் சொர்ணம், கடையில் எல்லாருக்கும் பெரியக்கா. நடுவில் செல்லத்துரை, அவர் அண்ணாச்சி. கடைசி பேச்சி, எங்களுக்குச் சின்னக்கா. இந்தியாவில் சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர்கள். நான் பிறப்பதற்கு முன்பே கொழும்புக்கு வந்து, ஆளுக்கொரு பை தூக்கி வீடு வீடாகச் சேலை விற்று, பிறகு கொட்டாஞ்சேனையில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று என்று கடை போட்டவர்கள். இத்தனை வருசத்தில் அவர்கள் பேச்சு மட்டும் மாறவில்லை. நாங்கள் சாறி என்றால் அவர்கள் இன்றைக்கும் சேலை என்பார்கள்.

பெரியக்கா கிளிப்பச்சைச் சேலையும் ரோஸ் நிற ஜாக்கெட்டுமாக, பார்க்கவே கண் கூசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். "கண்ணை மூடுட்டி" என்றார். மூடினேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துணியைக் கையில் வைத்து, எது உசத்தி என்று கேட்டார். தடவினேன், கசக்கினேன், கன்னத்தில் வைத்தும் பார்த்தேன். "மூண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு" என்றேன். சின்னக்கா சிரிப்பை அடக்குவது கேட்டது. எனக்கு முதல் வந்த பிள்ளை இரண்டாவதுதான் உசத்தி என்றாளாம். அதற்கு முதல் வந்தவள் மூன்றாவது என்று சத்தியமே பண்ணினாளாம். கண்ணைத் திறந்தால் ஒரே துணியில் வெட்டிய மூன்று துண்டு.

பெரியக்கா அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்குத் துணியைப் பத்தி ஒண்ணுமே தெரியல. ஆனா தெரியலங்கது அதுக்கே தெரியுது. நாளையிலேருந்து வரச் சொல்லு."

மூன்று கை

இந்தக் கடைகளில் ஒரு சட்டம் உண்டு. மூன்று பேரும் தொட்டுப் பார்த்து, மூன்று பேரும் சரி என்றால்தான் ஒரு துணி உள்ளே வரும். ஒருவர் தலையாட்டாவிட்டால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வெளியே. பெரியக்காவுக்கு முழங்கால் வருத்தம், கொட்டாஞ்சேனையை விட்டு அசைய மாட்டார். அதனால் வெள்ளவத்தைக் கடைக்கு வேண்டிய துணியும் முதலில் கொட்டாஞ்சேனைக்கு வந்து அவர் கைபட்டுத்தான் போகும். நான் வந்த முதல் வாரமே ஏன் என்று சின்னக்காவிடம் கேட்டேன். "எங்க வழக்கம்" என்றார். வழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதற்குப் பின்னால் கட்டாயம் ஒரு கதை இருக்கும், சொல்ல மாட்டார்கள்.

புறக்கோட்டையிலிருந்து மொத்த வியாபாரி, முஸ்லிம் நானா ஒருவர் மாதம் இரண்டு தரம் சாம்பிள் கொண்டுவருவார். நல்ல மனுசன், எல்லாருக்கும் டொபி கொண்டுவந்து தருவார். ஒரு நாள் மாம்பழ மஞ்சளில் ஒரு ஷிபோன் கொண்டுவந்தார். அண்ணாச்சி தொட்டார், சரி. சின்னக்கா தொட்டார், சரி. பெரியக்கா இரண்டு விரலால் பிடித்து, விட்டு, தேத்தண்ணியைக் குடித்தார். அவ்வளவுதான். நானா சாம்பிளைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார்: "மகள், கலியாணத்துக்கே ரெண்டு பேர் ஓம் எண்டா போதும். இங்க ஒரு சட்டைத் துண்டுக்கு மூணு பேர் ஓம் செல்லணும்!"

நாற்பது சாறி

வெள்ளவத்தைக் கடைக்கு என்னை மாற்றினார்கள். அங்கே வேறு உலகம். ஓகஸ்ட் மாதம் வந்தால் கனடா, லண்டன், சுவிஸ் எல்லாம் எங்கள் கடை இருக்கிற காலி வீதியில்தான் நிற்கும். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள், ஒரே நாளில் எட்டுப் பேருக்கு உடுப்பு எடுக்க வேண்டியவர்கள். பெரியக்காவின் கட்டளை: எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள் என்று வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்ட சாறியை மடிப்போடு காட்டவும் கூடாது. விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாம் சரி, திரும்ப மடிப்பது யார்? நாங்கள்.

ஒரு அன்ரி, டொரொன்டோவிலிருந்து வந்தவர். இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தார். நாற்பது சாறி விரித்தேன். எனக்குப் பின்னால் மலை மாதிரிக் குவிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்து அங்கேயிருந்த மகளுக்கு அனுப்பினார். அங்கே நடுச்சாமம், மகள் நித்திரை. கடைசியில் பொறுக்க முடியாமல், "அன்ரி, எது பிடிக்கேல்ல எண்டு சொல்லுங்கோ, அதையாவது எடுத்து வைக்கிறன்" என்றேன். அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, என் கன்னத்தைத் தட்டினார்: "எல்லாமே வடிவாத்தான் பிள்ளை இருக்கு. அதுதானே பிரச்சினை!"

மூன்றாவது கடை

தைப்பொங்கல் கழித்து, சிங்களச் சனம் கூடுதலாக இருக்கிற களுபோவிலவில் மூன்றாவது கடை திறந்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமாகப் போகிற ரோட்டில், நல்ல அகலமான கண்ணாடி வைத்த கடை. சின்னக்காவின் நெடுநாள் ஆசை அது. அக்காவும் அண்ணனும் சொல்வதற்குத் தலையாட்டியே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது, ஒரு கடையாவது என் கையால் நடத்திப் பார்க்க வேண்டும் என்பார். அவருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். எனக்குத் தண்ணீர் மாதிரி வரும். அதனால் என்னைக் கூட அனுப்பினார்கள்.

இரண்டு மாதமாக ஈ ஓட்டினோம். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே மதிய நேரத்தில் எனக்கும் சின்னக்காவுக்கும் ஈயடிக்கிற போட்டி நடக்கும். சித்திரைப் புதுவருசத்துக்குக் கொஞ்சம் விற்றது. அதைப் பெருமையாகச் சொன்னபோது, புதுவருசத்துக்குப் பூட்டின கடையிலும் விற்கும் என்றார் பெரியக்கா. பிறகு சின்னக்காவையும் என்னையும் கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிட்டு, முன்னால் நிற்க வைத்துத் தீர்ப்புச் சொன்னார். வைகாசிப் பௌர்ணமியில் வருகிற வெசாக் பண்டிகை வரைக்கும் பார்ப்பது, ஓடவில்லையென்றால் பூட்டுவது. சின்னக்கா திரும்பவும் வெள்ளவத்தையில் அண்ணாச்சிக்குப் பக்கத்துக் கதிரைக்கு. சின்னக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"அப்ப நான்?" என்று கேட்டேன். மற்ற இரண்டு கடையிலும் ஆள் நிறைந்திருந்தது எனக்கும் தெரியும். பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்: "நீ வீட்டுக்குப் போய் அந்தப் பரீட்சையை எழுதுட்டி."

அது மட்டும் இல்லை

ஏன் ஓடவில்லை என்று எனக்கு இரண்டாம் கிழமையே விளங்கிவிட்டது. உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்றே ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சுது சாரி தியனவாத நங்கி?" வெள்ளைச் சாறி இருக்கிறதா தங்கச்சி என்று. போயா என்கிற பௌர்ணமி நாளில் சில் விரதம் எடுக்க, பன்சலைக்குப் போய்ப் புத்தரைக் கும்பிட, தானம் கொடுக்க, செத்த வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் அந்தச் சனத்துக்கு வெள்ளை வேண்டும். எங்கள் கடையில் வெள்ளை கிடையாது. ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. மூன்று கடையிலும் இல்லை. கொட்டாஞ்சேனையில் யாராவது சேர்ச்சில் பிள்ளையின் முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை கேட்டு வந்தால் எதிர்க் கடையைக் கையால் காட்டிவிடுவோம். அங்கே பட்டும் கலரும் கடையை ஓட்டின, வெள்ளை இல்லாத குறை தெரியவில்லை. களுபோவிலவில் தெரிந்தது. பதின்மூன்று வருசம் வெள்ளை யூனிபோர்ம் போட்டு, இனி செத்தாலும் வெள்ளை போட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினவள் நான். எனக்கே வெள்ளைமேல் பரிதாபம் வந்துவிட்டது.

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், வெள்ளை கேட்டு வந்து திரும்புகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். ஒரு கிழமையில் பக்கம் நிறைந்துவிட்டது. கடைசிக் கோடு ஒரு டீச்சருக்கு. குடையை மடித்து வைத்துவிட்டு, அலுமாரி அலுமாரியாக எல்லாவற்றையும் பார்த்தார், சிவப்பு, ஊதா, மயில்கழுத்து நீலம். பார்த்து முடித்துச் சிங்களத்தில் சொன்னார்: "அனே நங்கி, உலகத்தில் இருக்கிற எல்லா நிறமும் உங்கள் கடையில் இருக்கிறது, எனக்கு வேண்டியதைத் தவிர."

மாடு

பில் புத்தகத்தைச் சின்னக்காவிடம் காட்டினேன். பார்த்தார், மூடினார், "இதை அக்காட்ட காட்டாத" என்றார். காட்டாதே என்று சொன்ன பிறகு எப்படிக் காட்டாமல் இருப்பது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பெரியக்கா பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார். "பெரியக்கா, ஏன் எங்கட கடையில வெள்ளை வைக்கிறதில்ல?" என்று நேரே கேட்டேன். அங்கே நின்ற பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து இல்லாத ஊசியைத் தேடினார்கள். துக்கமான நிறம், ராசியில்லை, அப்படி ஏதாவது சொல்வார், சண்டை போடலாம் என்றுதான் ஆயத்தமாக வந்திருந்தேன்.

அவர் பிஸ்கட்டைத் தின்று முடித்தார். "எனக்கு இருபத்திரெண்டு வயசு. மாமன் செத்து மூணாம் நாள்" என்று தொடங்கினார். மாமன் என்றது புருசனை. "ஊர்ப் பெரிய மனுசங்க செல்லத்துரை கையில ரூவாயைக் குடுத்து, ஒங்க அக்காளுக்கு வெள்ளைச் சேலை ஒண்ணு வாங்கிட்டு வாலேன்னு அனுப்பினாங்க. பதினஞ்சு வயசுப் பய. அவனுக்கு என்ன தெரியும்? போனான், வாங்கினான், கொண்டாந்து என் மடியில வச்சான். வச்சுட்டு அவனே அழுதான். அன்னைக்குத்தான் சொன்னேன், இனி நம்ம மூணு பேருல ஒருத்தரும் தனியாப் போய்த் துணி வாங்கக் கூடாதுன்னு." மூன்று கைச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊசி தேடினவர்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு. "அந்தச் சாறிக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன். பெரியக்கா அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்: "ஒரு நாள் உடுத்தினேன். மறுநாள் கிழிச்சு மாட்டைக் குளிப்பாட்டித் துடைச்சேன். நல்லாத்தான் துடைச்சுது."

களவு

அதற்குப் பிறகு வெள்ளையைப் பற்றிப் பேச எனக்கே வாய் வரவில்லை. ஆனால் வாசலில் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சின்னக்கா இரவில் நித்திரை கொள்வதில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பில் புத்தகக் கதையைச் சின்னக்காதான் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். வெசாக்குக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஒரு மத்தியானம் அண்ணாச்சி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். மழையே இல்லை, ஆனாலும் கையிலிருந்த பொட்டலத்தைத் தார்ப்பாயால் சுற்றியிருந்தார். பிரித்தால் வெள்ளை. இருபத்தைந்து சாறி. மனுசன் வியர்த்துக் கொட்டுகிறார். "தனியாப் போய் வாங்கிட்டேன். ரெண்டாவது தடவை" என்றார். சின்னக்கா தடவிப் பார்த்தார், "சரி" என்றார். இரண்டு கை ஆச்சு. மூன்றாவது கை கொட்டாஞ்சேனையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் வைக்கப் பயம். உடுப்புப் போட்டுப் பார்க்கிற அறைக்குள், உட்காருகிற வாங்குக்கு அடியில் தள்ளி, மேலே பழைய திரைச்சீலையைப் போட்டோம். யாராவது வெள்ளை கேட்டால் நான் ரோட்டை ஒரு தரம் எட்டிப் பார்ப்பேன். பிறகு மெதுவாக, "உள்ளே வாங்கோ" என்பேன். போயா தினத்தில் தடையை மீறிச் சாராயம் விற்கிறவர்கள்கூட எங்களைவிடத் துணிச்சலாக விற்றிருப்பார்கள். ஒரு கிழமையில் பாதி முடிந்துவிட்டது. ஒரு நர்ஸ் அக்கா மூன்றாம் தரம் வந்தார், இம்முறை வேலைத்தலத்துச் சிநேகிதிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அந்தச் சின்ன அறைக்குள் சின்னக்காவோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர், மூச்சுவிட இடமில்லை. அவர் வாங்குக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு என் காதுக்குள் சிங்களத்தில் கேட்டார்: "உண்மையைச் சொல்லு நங்கி, எங்கே களவெடுத்தது?"

பெரியக்கா வந்த நாள்

வெசாக்குக்கு ஆறு நாள். ரோட்டெல்லாம் காகித விளக்குக் கூடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். காலை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது, அதிலிருந்து முதலில் ஒரு ஊன்றுகோல், பிறகு செம்பருத்திச் சிவப்பில் ஒரு சேலை, பிறகு பெரியக்கா. திறப்பு விழாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வருகிறார். பூட்டுவதற்கு முன் ஒரு தரம் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. கதிரை போட்டோம். உட்கார்ந்தார். அலுமாரிகளைப் பார்த்தார். சின்னக்காவின் கண் மட்டும் அடிக்கடி அந்த அறைத் திரைக்குப் போய்ப் போய் வந்தது.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? ஒரு வயதான புருசன் பெண்சாதி. அவர் ரிட்டயர் ஆன மனுசர் மாதிரி, மடிப்புக் குலையாத சேட்டு. அந்த அம்மா குள்ளம், கையில் மரக்கறிப் பை. போன கிழமை அந்த அம்மாவின் தங்கச்சி இங்கே வாங்கினாளாம், அதே மாதிரி வெள்ளை வேண்டுமாம். நல்ல சத்தமாகக் கேட்டார். பெரியக்காவுக்குச் சிங்களம் அரைகுறை, ஆனால் "சுது" என்ற சொல் யாருக்குத்தான் விளங்காது? சின்னக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், இல்லை என்று சொல் என்ற மாதிரி. நான் யோசித்தேன். இல்லை என்றால் இவர்கள் போய்விடுவார்கள், ஆறு நாளில் கடையும் போய்விடும். இருக்கு என்றால் இன்றைக்கே போய்விடும். எப்படியும் போகப்போகிற கடையில் ஒரு சாறியாவது ஒளிக்காமல் விற்றுவிட்டுப் போவோம் என்று தோன்றியது. அறைக்குள் போய், மிச்சமிருந்த எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, பெரியக்காவுக்கு முன்னாலேயே கவுண்டரில் போட்டு விரித்தேன்.

பெரியக்கா அசையவில்லை. அந்த மனுசர் இரண்டு மூன்றைத் தள்ளிவிட்டு, கரையில் நூல் வேலை செய்த ஒன்றை எடுத்து, பெண்சாதியின் தோளில் தானே போட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். என்னவோ சொன்னார். அந்த அம்மா வெட்கப்பட்டு, மரக்கறிப் பையாலேயே அவருக்கு ஒரு அடி போட்டார். "என்னட்டி சொல்லுதாரு?" என்றார் பெரியக்கா. "முதல் முதல்ல அவவைப் பன்சலையில வெள்ளைச் சாறியோடதான் கண்டவராம். பக்கத்தில நிண்ட தாயைப் பார்த்து வணக்கம் சொல்லப் போய், இவவுக்குச் சொல்லிட்டாராம்" என்றேன். பெரியக்காவுக்கு நம்ப முடியவில்லை. "புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கான், அவனே வெள்ளை எடுத்துக் குடுக்கான். அந்தப் பொம்பளைக்குக் கோவம் வரலையான்னு கேளு" என்றார். சின்னக்கா "ஐயோ வேண்டாம்" என்றார். நான் கேட்டுவிட்டேன், அப்படியே, ஒரு சொல் விடாமல். அந்த அம்மா பெரியக்காவை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார்: "அவர் எடுத்துத் தந்த மற்ற நிறமெல்லாம் என் அலுமாரிக்குள்ளேயே கிடக்கிறது அக்கே. பிழை விடாமல் எடுக்க அவருக்குத் தெரிந்தது இந்த ஒரு நிறம்தான்."

இரண்டு விரல்

அவர்கள் வாங்கிக்கொண்டு போன பிறகு சின்னக்கா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, தன் கடைக்கு என்ன தீர்ப்பு என்று கேட்பதற்காக நின்றார். பெரியக்கா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். கவுண்டருக்கு வந்தார். குவிந்து கிடந்த வெள்ளையில் ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்தார். விடவில்லை. கசக்கினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், நூலைப் பிரித்துப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அவர் வெள்ளையைத் தொட்டதைத் தான் கண்டதில்லை என்று சின்னக்கா பிறகு சொன்னார்.

"யாரு வாங்கினது?" என்று கேட்டார். "அண்ணாச்சி" என்றேன் நான். போனைப் போடச் சொன்னார், போட்டேன். அண்ணாச்சி அந்தப் பக்கத்தில் "அக்கா, அக்கா" என்று என்னவோ சொல்லத் தொடங்கினார். பெரியக்கா அவரைப் பேசவே விடவில்லை: "ஏலே, என்ன துணிலே இது, ரெண்டு தண்ணிக்குத் தாங்காது, கஞ்சி போட்டு ஏமாத்திருக்கான். வெள்ளைன்னா நல்ல வெள்ளையா வாங்கணும். நாளைக்கு வண்டியைக் கொண்டா, மூணு பேரும் போவோம்."

இன்னொரு தவணை

மறுநாள் மூன்று பேரும் புறக்கோட்டைக்குப் போனார்கள். பெரியக்கா முழங்காலில் மருந்துப் பட்டி கட்டிக்கொண்டு போனாராம். நானாவின் கடையில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க வெள்ளை பார்த்தாராம். பாலின் வெள்ளை, சோற்றின் வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை என்று அவர் பிரித்துச் சொல்லச் சொல்ல நானா டொபி கொடுக்கவே மறந்துவிட்டாராம். கண்ணாடியில் வெள்ளையை நான்தான் கட்டினேன். வெசாக் வரைக்கும் மத்தியானச் சோறு தின்ன நேரம் கிடைக்கவில்லை. அதற்காகக் கடை தலைகீழாக மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெசாக் முடிந்த கிழமை திரும்பவும் கொஞ்சம் ஈ வந்தது. பெரியக்கா இன்றைக்கும் கிளிப்பச்சைதான் உடுத்துகிறார், தான் செத்தாலும் தன்னைச் சிவப்பில்தான் கட்டி எடுக்க வேண்டும் என்று சின்னக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

பூட்டப்போகிறார்களா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. சின்னக்கா கேட்கமாட்டார், அவர் வளர்ப்பு அப்படி. நான் போன் போட்டேன். "பெரியக்கா, வெசாக் முடிஞ்சுது. கடை என்ன மாதிரி? சின்னக்கா இங்கயே இருக்கிறதா, வெள்ளவத்தைக்கு வாறதா?" என்று கேட்டேன். பக்கத்தில் சின்னக்கா காதைப் பொத்திக்கொண்டு நின்றார், ஆனால் விரலுக்கிடையில் நன்றாக இடைவெளி இருந்தது. அந்தப் பக்கத்தில் தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு பதில் வந்தது: "சாவி பேச்சிட்டயே இருக்கட்டும், நான் திருப்பிக் கேக்கலன்னு சொல்லு. ஆனா நீ எதுக்கும் பரீட்சைக்கு ஒரு அப்ளிகேசனைப் போட்டு வைட்டி."

ஆக மொத்தம், இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: என்ன வேண்டும் என்று கேட்டால் சனம் யோசித்துப் பொய் சொல்லும், ஏன் வேண்டாம் என்று கேட்டால் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிடும்.